ஈரக் கத்தரி

இருபத்தாறு வருடம், ஒரே கத்தரி. நகரப் பூங்காவின் பைன் மரங்களுக்குக் கிளை நறுக்கும் அந்த அம்மாவை உடன் வேலை செய்பவர்கள் ‘கத்தரிக்கா’ என்றே கூப்பிடுவார்கள். கத்தரியை யாருக்கும் இரவல் தரமாட்டார். “என் புருஷனைக் கேளு, யோசிக்கிறேன். இதை மட்டும் கேக்காத” என்பார்.

போன மழைக்காலத்தில் பூங்கா மரங்களின் நுனிகள் பழுப்பேறின. மேஸ்திரி வெட்டச் சொன்னார். கத்தரிக்கா தூறலிலேயே நாளெல்லாம் வெட்டிவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் தம்பி வீட்டில் இறங்கினார். சரிவில் ஒற்றையாய் நிற்கும் வீடு. மலைக்காற்று ஒருமுறை கூரையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அதன் பிறகுதான் தம்பியும் அவன் மனைவியும் பின்னால் வரிசையாகப் பைன் வைத்தார்கள்.

“அக்கா, வந்ததே வந்த, இதுங்களுக்கும் ஒரு கை போட்டுட்டுப் போயேன்.”

“ஒரு டீயைக் கொடுத்து வேலை வாங்குறதுல நீ கில்லாடிடா!”

கத்தரியைத் துணியில் துடைத்துக்கொண்டு, தூறல் நிற்கும் முன்பே வரிசையை முடித்துவிட்டார்.

இந்த வருடம் தம்பி வீட்டுப் பைன்களில் புதுக்குருத்துகள் விரல் நீளம்கூட வளராமல் கருகின. பட்டையில் பள்ளம் பள்ளமாகப் புண், அதிலிருந்து பிசின். மர நோய் பார்க்கும் அதிகாரி ஒரு பைன் காயை எடுத்துக் காட்டினார். மிளகுப்பொடி தூவியதுபோல் அதில் கரும்புள்ளிகள்.

“பூஞ்சை. பூங்காவிலயும் இதேதான். ஈரத்துல வெட்டுனா வெட்டுக்காயம் வழியா உள்ள போயிடும். ஒவ்வொரு மரத்துக்கும் கத்தரியை ஸ்பிரிட்ல முக்கணும். போன மழையில யாரு வெட்டுனது?”

கத்தரிக்கா ஓரடி முன்னால் வந்தார்.

“நான்தான் சார். துணியில துடைச்சேன்.”

புண் தண்டையே சுற்றிவிட்டது, காற்றடித்தால் முறிந்து கூரை மேலேயே விழும், எல்லாவற்றையும் அறுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

தம்பி மனைவி மெதுவாகத்தான் கேட்டாள்: “இனிமே கூரையை யாரு அண்ணி புடிச்சுக்குவா?”

“சும்மா இரு. கூப்பிட்டது நான்” என்றான் தம்பி. அக்காவின் முகத்தை மட்டும் அவன் பார்க்கவில்லை.

மரம் அறுக்கும் ஆட்கள் சனிக்கிழமை வருகிறார்கள். காற்று அடுத்த மாதம் தொடங்கும். அதற்குள் கூரை மேல் மணல் மூட்டை ஏற்ற வேண்டும். கத்தரிக்கா லீவு சொல்லியிருக்கிறார்.