ஜன்னலை மறைக்காத மாப்பிள்ளை

“இன்னும் கொஞ்சம் தள்ளிக்கப்பா. ஆங், பஸ்ஸ மறைக்காத” என்று சொல்லிக்கொண்டே திருமலை ஒரு கண்ணை மூடி, செல்போனை நெற்றிக்கு நேராகத் தூக்குகிறார். ஓசூரில் மாடியில் ஓர் அறை. அதுதான் அவருடைய கல்யாணத் தகவல் மையம். ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். சாலைக்கு அந்தப்புறம் பெரிய வாகனத் தொழிற்சாலையின் நீலக் கூரை, வாசலில் வரிசையாகக் கம்பெனி பஸ்கள். இந்தக் காட்சிக்காகவே அறையைப் பிடித்தாராம். தினமும் காலையில் செய்தித்தாளை நனைத்து ஜன்னல் கண்ணாடியைத் துடைப்பார். செல்போன் லென்ஸைத் துடைத்து நான் பார்த்ததில்லை.

வருகிற மாப்பிள்ளைகள் எல்லோரும் அந்த ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கவேண்டும். படத்தில் பஸ்ஸின் நம்பரைப் படிக்கலாம், கூரைமேல் உள்ள காக்கைகளை எண்ணலாம். மாப்பிள்ளை மட்டும் காது முளைத்த தூண்போலக் கருப்பாக நிற்பார். பத்திரிகை வேலைக்காக ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றியதில் எத்தனையோ புகைப்படக்காரர்களைப் பார்த்துவிட்டேன். டிவியில் முகம் காட்ட விரும்பாத சாட்சிகளைத்தான் இப்படி எடுப்பார்கள்.

இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வராது. என்மேல் இரக்கம்தான் வரும். “நாலு நாடு சுத்தி என்னாதான் கத்துக்கினு வந்த பாப்பா? மொகம் எல்லாத்துக்கும் இருக்குது. கம்பெனி எத்தன பேருக்கு இருக்குது?”

அந்தக் கம்பெனி அவரிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் இல்லை. பின்சந்துத் தகரக் கொட்டகைகளில் ஒப்பந்த வேலை பார்க்கிறவர்கள். அதையும் கேட்டேன். “அங்க வேல செய்யறான்னு நான் சொன்னனா? ஜன்னல் முன்னால நின்னான், எடுத்தேன்.”

ஆணியில் ஒரு கோட்டு தொங்குகிறது. எல்லா மாப்பிள்ளைகளுக்கும் அதுதான். இரண்டு பொத்தான் இல்லை. படத்தில் அது தெரியப்போவதுமில்லை.

இன்று அந்தக் கோட்டுக்குள் இருப்பவர் ஹரீஷ்குமார். சாமல்பட்டிக்காரர், வயது முப்பத்து நான்கு, அரைநாள் லீவு போட்டு வந்திருக்கிறார். சிங்காரப்பேட்டை லாவண்யாவோடு ஜாதகம் பொருந்திவிட்டது. முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று அந்தப் பெண்ணே கேட்டிருக்கிறாள். நாளை காலை அவளைப் பார்க்க வேறொருவர் வருகிறார். இன்றைக்குள் படம் போகாவிட்டால், கைநழுவிய எட்டு வரன்களோடு இது ஒன்பதாவது.

திருமலை எடுத்த கையோடு அனுப்பினார். பத்து நிமிடத்தில் லாவண்யாவின் அண்ணனுடைய குரல் பதிவு வந்தது. “படம் வந்துச்சிங்கண்ணா. பஸ்ஸு சூப்பரா இருக்குது. மாப்ள எங்கங்கண்ணா?”

“அவங்க போன்ல வெளிச்சம் கம்மியா வெச்சிருக்காங்க” என்றார் திருமலை.

ஹரீஷ்குமார் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அண்ணே, ஜன்னலப் பாத்தாப்புல திரும்பி நிக்கட்டுங்களா?”

“திரும்புனா பின்னால என்னா தெரியும்? என் செவுரு. செவுரப் பாத்து எவன்பா பொண்ணு குடுப்பான்? அங்கியே நில்லு, இன்னொண்ணு எடுக்கறேன்.”

அதற்குள் நான் குறுக்கிட்டு, பத்திரிகைக்காக அவரையும் ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டேன். திருமலைக்கு முகமெல்லாம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து மீசையை வாரிக்கொண்டார். நான் ஜன்னலைக் கைகாட்டினேன். அவர் அந்தப் பக்கமே வரவில்லை. நாற்காலியைக் காரை உதிர்ந்த எதிர்ச்சுவர்வரை இழுத்துப் போட்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, வெளிச்சம் கன்னத்தில் விழும்படி மோவாயை உயர்த்தினார்.

பிறகு, கோட்டோடு ஜன்னலில் காத்து நின்ற ஹரீஷ்குமாரை, கோழியை விரட்டுவதுபோலப் புறங்கையை வீசி ஒதுக்கினார். “கொஞ்சம் ஓரமா போப்பா. எம் மொகத்துல நெழலு உழுவுது.”