நன்றாக இருந்தபோது அவள் எழுதிய தாள்

தென்காசியில் துணிக்கடை வைத்திருக்கிறேன். மனநலத்துக்கு மருந்து சாப்பிடும் என் மனைவி, நோய் முற்றினால் தனக்கு என்ன செய்யவேண்டும் என்று நன்றாக இருந்தபோதே எழுதி, எனக்கும் தன் அக்காவுக்கும் ஆளுக்கொரு தாள் தந்தாள். நான் படிக்காமலே பீரோவில் வைத்துவிட்டேன்.

போன சாரல் சமயம் நான்கு நாள் தூங்காமல், வெள்ளம் பாயும் குற்றால அருவிக்குள் இறங்க ஓடினாள். நானும் அவள் அக்காவும் பிடித்து இழுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாசலில், "எனக்கு ஒண்ணுமில்லங்க, வீட்டுக்குப் போவோம்" என்று அழுதாள். மனமிளகி ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன்.

"முதல்ல இதப் படிங்க" என்று அவள் அக்கா தாளை நீட்டினாள்.

'அப்போது நான் கெஞ்சுவேன், நம்பாதீர்கள். என்னைச் சேர்த்துவிடுங்கள். கட்டிப்போட மட்டும் வேண்டாம். அக்கா பக்கத்தில் இருக்கட்டும்.'

தன்னை இவ்வளவு அறிந்தவளோடா இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன்! அவள் எழுதியபடியே சேர்த்தோம். மூன்றே வாரத்தில் தெளிந்து வீடு திரும்பினாள்.

இப்போது நானும் எனக்கொன்று எழுதிவிட்டேன். எனக்கு நினைவு தப்பினால் முடிவெடுக்க வேண்டியவர் என்ற இடத்தில் அவள் பெயரைத்தான் போட்டிருக்கிறேன்.