ருசி பார்க்காத உப்பு

தன் நாக்கில் வைத்துப் பார்க்காத ஒன்றை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? கூடாது என்பதில் பாலகுருவுக்கு ஒருகாலத்தில் சந்தேகமே இருந்ததில்லை.

மரக்காணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவன் நடத்திய ஐஸ்கிரீம் கடையில் எதுவும் வெளியிலிருந்து வந்து இறங்காது. பாலைச் சுண்டக் காய்ச்சி, நுங்கோ முந்திரிப்பழமோ வறுத்த கேழ்வரகோ சேர்த்து, ஐஸும் கல்லுப்பும் கொட்டிய மரவாளிக்குள் டப்பாவைக் கையால் சுற்றி உறையவைப்பான். சில ருசிகள் சகிக்காது. பனைவெல்லத்தில் உப்பு போட்டது மட்டும் பேர் வாங்கியது. உப்பளத்து உப்பு ஒருநாள் ஈரமாக இருக்கும், ஒருநாள் காய்ந்திருக்கும். கரண்டிக் கணக்கு உதவாது. சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, நக்கிப் பார்த்துத்தான் நிறுத்துவான்.

சுனாமிக்குப் பிறகு அந்த உப்பு ஐஸை அவன் செய்யவில்லை. அடுத்த டிசம்பரில் அனுமந்தையிலிருந்து வேலம்மாள் வந்தாள். அலை கொண்டுபோன அவள் மகள் பூஜா, அந்த உப்பு ஐஸைத் தவிர வேறெதையும் கேட்காதவள்.

"வருசப் படையலுக்கு வேணும்ணா. அவ துன்ன அதே ஐஸு."

"படைச்சு முடிக்கறதுக்குள்ள உருகிடுமேம்மா."

"உருகட்டும். கோன்ல குடுன்னு அடம் புடிக்கவா போறா?" சிரிப்பு பாதியில் நின்றது. "வாயில வைக்காம செய்ணா. படைக்கிறதுக்கு முன்னாடி யாரும் ருசி பாக்கக் கூடாது."

பாலகுரு தலையாட்டினான். நக்கிப் பார்க்காமல் உப்பை எங்கே நிறுத்துவது என்பது ஆட்டிய பிறகுதான் உறைத்தது.

"ஒரு சொட்டு பாத்தா யாருக்குங்க தெரியப் போவுது?" என்றாள் மனைவி விஜயலட்சுமி.

"எனக்குத் தெரியுமே."

"ருசி மாறிப் போச்சுன்னா? அந்தப் பொம்பளைக்கு இன்னொரு வாட்டி புள்ளையப் பறிகுடுத்த மாதிரி ஆயிடும்."

அதுவும் சரிதான். உப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு போட்டான்.

ஐஸை அவனே அனுமந்தைக்குக் கொண்டுபோனான். படையல் முடிந்ததும் வேலம்மாள், கிண்ணத்தில் கரைந்து கிடந்ததை விரலால் தொட்டு வாயில் வைத்தாள். பாலகுரு அவள் முகத்தையே பார்த்தான்.

"உப்பு ஜாஸ்தி" என்றாள்.

அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தாள். யாருக்கும் ஒரு வாய் வைக்கவில்லை.

சில நாளில் பாலகுரு உப்பு ஐஸை மறுபடி விற்கத் தொடங்கினான். ஒருநாள் கரித்தது, ஒருநாள் சப்பென்றிருந்தது, வாங்கியவர்கள் திட்டினார்கள். மற்ற எல்லாவற்றையும் நக்கிப் பார்த்தவன், அதை மட்டும் அதன்பிறகு நாக்கில் வைக்கவே இல்லை. விஜயலட்சுமி காரணம் கேட்டபோதெல்லாம், "மொத வாய் அந்தப் புள்ளையோடது" என்று மட்டும் சொன்னான்.