வேகாத கொள்ளு

கும்மிடிப்பூண்டி கம்பெனி கேன்டீனில் இன்று நான் ரசத்துக்குக் கொள்ளு வேகவைத்தேன். அண்டாவிலிருந்து வாசனை வந்ததும் ராணி ஞாபகம் வந்தது. கடம்பத்தூர் ஸ்டேஷனில் அப்பா ஓட்டிய ஜட்காவின் குதிரை.

ஒருநாள் விளையாடப் போகும் அவசரத்தில் அதற்கு வேகாத கொள்ளை வைத்துவிட்டேன். வயிறு உப்பிவிட்டது. படுத்துப் புரண்டால் செத்துவிடும் என்று அப்பா அதை நிற்கவிடாமல் நடத்தினார். நான் அழுதபடி பின்னால் போனேன்.

"அழுவாத. வால தூக்குதா பாத்துக்கினு வா," என்றார்.

சாயங்காலம் ராணி லத்தி போட்டது. அப்பா குனிந்து கிளறிப் பார்த்தார்.

"உன் கொள்ளு முழுசா வந்துகீது. எடுத்துக்கினு போய் வேக வையி," என்றார். அம்மா சிரித்துவிட்டாள்.

"இன்னாக்கா, எறக்கலாமா?" என்று கேன்டீனில் உதவிக்கு இருக்கும் செல்வி அண்டாவைக் காட்டிக் கேட்டாள்.

நாலு கொள்ளை எடுத்து நசுக்கினேன். ஒன்று நசுங்கவில்லை.

"இன்னும் வேகட்டும்," என்றேன்.