என் கல்யாணத்துக்குத் தேதி கேட்ட கம்ப்யூட்டர்

மேலே மூடியிருந்த பழைய சேலைத் துண்டை விலக்கியதும் பாச்சை உருண்டையும் சூடேறிய தூசியும் கலந்த ஒரு வாசனை முகத்தில் அடிக்கும்; திரைக்கு அருகே கையைக் கொண்டுபோனால் முன்கைப் பூனைமுடியெல்லாம் எழுந்து நிற்கும்; மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் அந்தப் பெட்டி மெல்ல உறுமத் தொடங்கும். மற்ற பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் என்றால் விளையாட்டு. எனக்கோ அந்த உறுமல் கேட்டாலே எழுந்து ஓடத் தோன்றும். கல்கத்தா பவானிபூரில் நாங்கள் குடியிருந்த இரண்டாம் மாடி வீட்டில், ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி தின்று கை கழுவியதும், அப்பா தனக்கு ஒரு நாற்காலியையும் எனக்கு ஒரு முக்காலியையும் இழுத்துப் போடுவார். அவ்வளவுதான், அந்த ஞாயிறு போயே போயிற்று.

அப்பா ஒரு டீ கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். திருநெல்வேலிக்காரர். கல்கத்தாவுக்கு வந்து இருபது வருடமாகியும் ஊர்ப்பேச்சு மாறாதவர். ஆபீஸ் நண்பர் யாரோ கொடுத்த ஒரு குறுந்தகட்டில் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளும் புரோகிராம் ஒன்று இருந்தது. அப்பாவுக்குத் தட்டச்சு வராது. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் படித்த எனக்கு வரும். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். வரம்புக்குள் இருந்தால் பச்சைக்கோடு, தாண்டினால் சிவப்புக்கோடு. ஒரே மாதத்தில் அது எங்கள் வீட்டுப் பாஷையாகிவிட்டது. கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு கவுனைத் தொட்டுப் பார்த்தால் போதும், "ஏட்டி, இந்த மாசம் செவந்துட்டு, வா பேசாம" என்பாள் அம்மா. துர்கா பூஜைக்குச் சந்தா கேட்டுப் பையன்கள் வந்தால்கூட அப்பா உள்ளே திரும்பி, "பச்சையா இருக்கான்னு பாரும்மா" என்பார். தான் மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்ட மனிதருக்கு, தனக்குப் பதிலாக மாட்டேன் என்று சொல்ல ஒரு பெட்டி கிடைத்துவிட்டது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்தப் புரோகிராமில் "இலக்குகள்" என்று ஒரு பக்கம் உண்டு. எதற்காகச் சேமிக்கிறோமோ அதற்குத் தோதாகப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வீடு, கார், பட்டம் வாங்குகிறவர்கள் போடும் தட்டைத் தொப்பி, கல்யாண மோதிரம். வீட்டுப் படத்தை அப்பா ஊரில் கட்டப்போகும் வீட்டுக்கு வைத்துக்கொண்டார். தொப்பியை என் தம்பிக்குக் கொடுத்தார். அவனுக்கு அப்போது ஒன்பது வயது, வாய்ப்பாடே தடுமாறும். மோதிரம் எனக்கு வந்தது. கார் யாருக்கும் இல்லை. "எனக்கு ஒண்ணும் இல்லையாக்கும்?" என்று அடுக்களையிலிருந்து அம்மா கேட்டதற்கு, "நீ எல்லாத்துலயும்தான இருக்க" என்று அப்பா சமாளித்தார்.

எனக்குப் பன்னிரண்டு வயது. பெயர் என்ற கட்டத்தில் என் பெயரை நானே அடித்தேன். தொகை அடித்தேன். அடுத்த கட்டம் தேதி. அதை விட்டுவிட்டு மேலே போகலாம் என்று பார்த்தால் அந்தச் சனியன் 'டிங்' என்று சத்தம் போட்டு மறுபடியும் அதே கட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தியது.

"தேதி கேக்குதுப்பா."

"ஏதாவது ஒண்ணைப் போடும்மா. தை மாசமாப் பாத்து, இருபத்தஞ்சு வயசுன்னு வச்சுக்கோ."

"இருபத்தஞ்சா!" அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தாள். "ஊர்ல கேட்டாச் சிரிப்பாவ. இருபத்தொண்ணு போடுங்க."

அவர்கள் இருவரும் பேசிப் பேசி இருபத்திமூன்றுக்கு வந்தார்கள். ஜனவரிக் கடைசியில் ஒரு நாள். அதையும் நான்தான் அடித்தேன். மாப்பிள்ளை பெயரைக் கேட்கவில்லையே, அந்த மட்டும் பிழைத்தேன்!

அதன்பிறகு மாதாமாதம் மோதிரத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப்பட்டை கொஞ்சங்கொஞ்சமாக நீண்டுகொண்டே போயிற்று. மூன்று சதவீதம். ஐந்து சதவீதம். எனக்காகத்தான் சேர்க்கிறார்கள், என் நன்மைக்குத்தான் என்பதெல்லாம் தெரியும். தெரிந்தும் அந்தப் பட்டையைப் பார்க்கிறபோது, நான் நிற்கிற அறையின் சுவர் ஒன்று என் பக்கமாக நகர்ந்து வருவதுபோல இருக்கும். சொல்லவும் முடியாது. மகளுக்காகப் பணம் சேர்க்கிற அப்பாவிடம் போய் ஒரு பெண் என்ன புகார் சொல்வாள்?

கீழ்வீட்டு வங்காளிப் பெரியம்மாவை நான் மாஷிமா என்று கூப்பிடுவேன். ஒரு ஞாயிறு அவர் புது கம்ப்யூட்டரைப் பார்க்க மேலே வந்தார். திரையில் மோதிரம், என் பெயர், தேதி. அவருக்கு ஆங்கிலம் தெரியும். "ஓ மா!" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டு அம்மாவைக் கேட்டார்: "பாத்ரோ கொய்?"

மாப்பிள்ளை எங்கே என்று அர்த்தம். அம்மாவுக்குத் தெரிந்த வங்காளம் காய்கறிக்காரனோடு முடிந்துபோவது. பாத்ரோ என்றால் பாத்திரம் என்று நினைத்துக்கொண்டாள். கல்யாணம் என்றால் சீர்ப் பாத்திரம் கேட்கத்தானே செய்வார்கள்! நிதானமாக, தன் வங்காளத்தில் பதில் சொன்னாள்: "எகோனோ கினி நி, தீதி. பொரே கின்போ. பொடோபாஜாரே ஷோஸ்தா."

அதாவது, மாப்பிள்ளையை இன்னும் வாங்கவில்லை அக்கா, பிறகு வாங்குவோம், படாபஜாரில் மலிவு.

மாஷிமா கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று தெரியாமலே அம்மாவும் சிரித்தாள். இரண்டு பாஷையும் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பாகத்தான் சொன்னாள் அம்மா; ஆனால் அதுதானே உண்மை? அந்தப் பட்டை எதற்கு நீள்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குச் சுத்தமாக விளங்கியது. மறுநாளே விஷயம் "பாடா" முழுக்க, அதாவது தெரு முழுக்கப் பரவி, கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் என்னைப் பார்த்து "நொதுன் பொவ், நொதுன் பொவ்" என்று கத்தினார்கள். புதுப்பெண்ணாம். பன்னிரண்டு வயதில், பள்ளிச் சீருடையில், ரெட்டைச்சடைப் புதுப்பெண்.

எனக்கு ஆசையெல்லாம் வீடுகள்மேல். பவானிபூரின் பழைய வீடுகளை, பச்சைப் பலகை ஜன்னல்களை, வளைந்து இறங்கும் இரும்புப் படிகளைக் கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் வரைந்து தள்ளுவேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் யாரிடமும் சொல்லாமல் நுழைவுத் தேர்வு எழுதினேன். வேறொரு ஊரில் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்தது. ஐந்து வருடம், விடுதி, கட்டணம். மோதிரப் பட்டையில் பாதிக்குமேல் ஏறியிருந்தது. அதில் தாராளமாக மூன்று வருடம் படிக்கலாம்.

கேட்டேன். ஒரு தடவை அல்ல, அந்த வாரம் முழுக்கக் கேட்டேன். "அது அந்தக் கணக்கு, இது வேற கணக்கும்மா" என்றார் அப்பா. "அந்தத் தொப்பியிலிருந்து எடுங்க" என்றேன். "அது தம்பிக்குள்ளது." "அப்ப எனக்குள்ளதை எனக்குத் தாங்களேன்!" என்று கத்தினேன். கட்டணம் கட்டக் கடைசி நாளைக்கு முந்தின நாள், ஆத்திரம் தாங்காமல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, மோதிரத்திலிருந்த அவ்வளவையும் புதிதாக ஒரு தொப்பிக்கு மாற்றி, அதற்கு என் பெயரைப் போட்டேன். இரண்டு சொடுக்கு. அவ்வளவு லேசு! அப்பா ஆபீஸிலிருந்து வந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல மாத்தினா பேங்க்ல மாறுமாம்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார். அப்புறம், "எங்க அக்காளுக்கு நகை கொறைஞ்சு கல்யாணம் நின்னுபோச்சு. அவ மூலையில உக்காந்துட்டா. அது நீ பாக்கல, நான் பாத்தேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். அப்பாமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அழுகிற அந்த மனிதரை என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். இடையில் கம்ப்யூட்டர் மாறியது. அப்பா புரோகிராமை மட்டும் விடாமல் தூக்கிக்கொண்டு வந்தார். இருபத்திமூன்று வயதில் அந்த ஜனவரியும் வந்தது. ஒரு ஜாதகமும் அமையவில்லை. வந்தவர்கள் சிலருக்கு என் தமிழில் வங்காள வாடை அடித்ததாம், மற்றவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா வழக்கம்போல் புரோகிராமைத் திறந்தார். திரை முழுக்கப் பலூன்கள் பறந்தன. "வாழ்த்துகள்! உங்கள் இலக்கை அடைந்துவிட்டீர்கள்!" என்று ஆங்கிலத்தில் வந்தது. நாங்கள் நாலு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பலூன்கள் நிற்கிற வழியாகத் தெரியவில்லை. "அதை மூடித் தொலைங்க" என்றாள் அம்மா.

இப்போது கல்கத்தாவிலேயே பெஹாலாவில் இருக்கிறோம், அப்பா, அம்மா, நான். ஊரில் வீடு கட்டவில்லை. தம்பி படித்து, வெளிநாடு போய், அங்கேயே குடும்பமாகிவிட்டான். நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லையே என்ற வருத்தம் எனக்கு இல்லை. பவானிபூர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். மாஷிமா மகனோடு போய்விட்டார். கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரன் எடைக்கு எடுத்துக்கொண்டு போனான். அந்தப் புரோகிராமின் பெயரைச் சொன்னால் ஆபீஸில் என்னைவிடச் சின்னவர்கள் யாருக்கும் தெரியவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு. அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சர்க்கரையும் வயதும் சேர்ந்து ரொம்ப ஒடுங்கிப்போய்விட்டார்.

"எம்மா, ஒன் பேர்ல போட்ட பணம் அப்படியே கெடக்கு. நீ சின்னதுல வீடு வீடா வரைஞ்சுக்கிட்டே இருப்பியே. அந்தப் படிப்பைப் படிச்சிருக்கலாம்லா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பா தந்திருக்க மாட்டேனா?"

அம்மாவின் கை நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க நான் கேட்டது, கத்தியது, அவர் அழுதது, எதுவுமே அந்த முகத்தில் இல்லை. இவ்வளவு காலமாக நான் யாரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேனோ அந்த ஆள் அங்கே இல்லை.

"தோணலைப்பா" என்றேன்.

"கோட்டிக்காரி" என்று சிரித்துவிட்டு, அப்பா மறுபடியும் பேப்பரைப் பிரித்தார்.