அர்த்தம் சொல்லிப் பிழைக்கிறவள்

தத்துவம் சொல்லிக் கொடுக்கிறேன் என்றால் கைரேகை பார்ப்பீர்களா என்று கேட்பார்கள். மொழியின் தத்துவம் என்றால், ஓ, ஸ்போக்கன் இங்கிலீஷா என்பார்கள். இதுதான் என் தொழில். புனேயில் ஒரு கல்லூரியில் இருபது வருஷமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு சொல்லுக்கு அர்த்தம் எங்கிருந்து வருகிறது, சொன்னது ஒன்றும் புரிந்தது ஒன்றுமாக ஏன் ஆகிறது, இந்த மாதிரிக் கேள்விகள்தான் பாடம். சொன்னது ஒன்று, புரிந்தது ஒன்று என்று வீட்டிலும் ஆபீசிலும் தினமும் அவஸ்தைப்படுகிறவர்கள்தானே நீங்களும்? ஒரே வித்தியாசம், எனக்கு அதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

யார் அந்த ஞானமுத்து?

புனேயில் கோர்படி என்ற பகுதியில் எங்கள் வீடு. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா என்னோடு இருக்கிறார். அவர் பெயர் ஞானமுத்து. இந்த ஊர்ப் படிவங்களில் எல்லாம் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு ஏது அது? சின்ன வயதில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதியதால், கல்லூரியில் மெர்சியாகிய நான் ‘ஞானமுத்து மேடம்’.

ஒருநாள் செல்போனை வீட்டில் மறந்துவிட்டுக் காய்கறி வாங்கப் போயிருந்தேன். அடுத்த நாள் பரீட்சை. ரேணுகா என்ற மாணவி கூப்பிட்டிருக்கிறாள். “ஞானமுத்து?” என்று கேட்டதும் அப்பா “ஆமா, நான்தான்” என்று ஹிந்தியில் சொல்லிவிட்டார். மேடம் இல்லையா என்று பதறிய பெண்ணிடம், என்ன சந்தேகம், என்னிடம் கேள் என்றிருக்கிறார். ஒருவரின் பெயருக்கு அர்த்தம் என்று ஒன்று உண்டா, இல்லை அது ஆளைச் சுட்டுவதோடு சரியா? இதுதான் அவள் சந்தேகம். நான் நாலு வகுப்பு எடுத்தும் தீராதது.

நான் திரும்பி வந்ததும் அப்பா பெருமையாகச் சொன்னார்: “ஏட்டி மெர்சி, ஒம் பிள்ள ஒருத்தி போன் போட்டா. நானே பதில் சொல்லிட்டேன். எம் பேரு ஞானமுத்து. ஞானமும் கெடையாது, முத்தும் கெடையாது. ஆனா கூப்புட்டா நாந்தானே திரும்பிப் பாக்கேன், வேற எவனும் பாக்க மாட்டாம்லான்னு சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு வெளங்கிட்டு.”

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. பரீட்சை முடிந்து விடைத்தாள்கள் திருத்த வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். கண்டிப்பானவர்; என்னை மெர்சி என்று மட்டுமே அறிந்தவர். ரேணுகாவின் தாளுக்கு நல்ல மதிப்பெண் போட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் கேட்டார்: “‘ஞானமுத்து சொல்வது போல’ என்று அருமையாக ஒரு வாதம் எழுதியிருக்கிறாளே, அவருடைய புத்தகம் எங்கே கிடைக்கும்?”

வருகிறேன் என்று போனவர்

ஜெர்மனியிலிருந்து கிளாரா என்ற ஆராய்ச்சியாளர் ஆறு மாதம் எங்கள் துறைக்கு வந்திருந்தார். ‘இங்கே’, ‘அங்கே’, ‘வா’, ‘போ’ போன்ற சொற்கள், சொல்கிற ஆளையும் நிற்கிற இடத்தையும் பொறுத்து எப்படிப் பொருள் மாறுகின்றன என்பதுதான் அவர் ஆராய்ச்சி. ஒரு மதியம் மூன்று மணிக்குக் கல்லூரியில் அவர் பேச்சு. ஹால் நிறைந்துவிட்டது. மூன்றேகால் ஆகியும் ஆளைக் காணோம். எங்கள் துறைத் தலைவர் மேடையிலிருந்து என்னையே பார்க்கிறார்.

போன் செய்தேன். “என்னால் வீட்டைப் பூட்ட முடியாது மெர்சி. பிளம்பர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்” என்றார் கிளாரா. காலையில் பிளம்பர் ஷிண்டே வந்து குழாயைப் பார்த்துவிட்டு, “யேதோ” என்று சொல்லிக் கிளம்பியிருக்கிறார். மராத்தியில் அதற்கு வருகிறேன் என்று பொருள். நாமும் அப்படிச் சொல்லிவிட்டுத்தானே கிளம்புகிறோம்? பாவம், மராத்தியை அகராதி வைத்துப் படித்த கிளாரா, பத்து மணியிலிருந்து வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஸ்கூட்டரில் போய் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். வழியிலேயே விஷயத்தைச் சொன்னேன். மேடை ஏறியதும் எழுதி வைத்திருந்த முதல் பக்கத்தை மூடிவிட்டு, அன்று காலையிலிருந்து தனக்கு நடந்ததைச் சொன்னார். அவ்வளவு கைதட்டு அந்த ஹாலில் நான் கேட்டதில்லை. ரெண்டு நாள் கழித்து, நான் கிளாரா வீட்டில் இருந்தபோது, ஷிண்டே வாஷரோடு வந்து நின்றார். இப்படிச் சொல்லலாமா என்று கிளாரா சிரித்துக்கொண்டே சண்டைக்குப் போக, ஷிண்டேக்கு ஒன்றும் புரியவில்லை. என் பக்கம் திரும்பி மராத்தியில் கேட்டார்: “கிளம்புறப்ப ‘போறேன்’னு சொன்னா நல்லாவா இருக்கும் மேடம்?”

ஃப்ரிட்ஜில் துணி

புனேயின் விஷ்ராந்த்வாடியில் இருக்கும் சரவணன் கோயம்புத்தூர்க்காரர். அவர் வேலை பார்க்கும் ஐடி கம்பெனி, வீட்டுச் சாமான் ரிப்பேர் புகார்களுக்குப் பதில் எழுத ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் தயாரித்திருந்தது. அது தமிழைச் சரியாகப் புரிந்துகொள்கிறதா என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். எந்திரத்துக்கு அர்த்தம் புரியுமா என்று எங்கள் துறையில் எல்லோரும் அடித்துக்கொண்டிருக்கும் காலம். நேரில் பார்க்க ஆசையாகப் போனேன்.

மதுரையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார்: “ரொம்ப அருமையான சர்வீஸ் உங்களோடது. மூணு வாரமா ஃப்ரிட்ஜ்ல துணிதான் மடிச்சு வச்சிருக்கேன்.” எந்திரம் உடனே பதில் போட்டிருந்தது: “தங்கள் பாராட்டுக்கு மிக்க நன்றி! துணிகளை நன்கு உலர்த்திய பின் வைக்கவும்.” அதோடு, வாடிக்கையாளர் மகிழ்ச்சி என்று குறித்து, புகாரை மூடியும் விட்டது.

சரவணன் முகம் விழுந்துவிட்டது. திங்கட்கிழமை அதை மேலதிகாரியிடம் காட்ட வேண்டும். எட்டு மாத உழைப்பு. ஆனால் மனிதர் முதலில் செய்த காரியம், அந்த அம்மாவுக்குத் தானே போன் போட்டு மன்னிப்புக் கேட்டு, அன்றைக்கே ஆள் அனுப்ப ஏற்பாடு செய்ததுதான். அதற்கப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். குத்தலைப் புரிந்துகொள்ளும் பாடத்தில் எந்திரத்துக்கு நான் ஃபெயில் போட்டிருந்தேன். தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்க மேனேஜர் ‘பாக்கலாம்’னு சொன்னா என்ன அர்த்தம்னு நாலு வருசமா எனக்கே தெரியலைங்க மேடம். இதுக்கு மட்டும் ஏனுங்க ஃபெயில் போடறீங்க?”

ஷீபாவின் ஒரு சொல்

எங்கள் தெருவில் ஷீபாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. புனேயிலேயே பிறந்து வளர்ந்த பெண். வீட்டுத் தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. மாப்பிள்ளை ஜெபின் நாகர்கோவில்காரர். அவர் வீட்டுப் பெரியவர்களுக்காகச் சர்ச்சில் தமிழ் ஆராதனை. திருமண உறுதிமொழியை ஷீபாவின் அம்மா இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்து, அப்படியே வாசித்துவிடு என்றிருக்கிறார். தாளை எடுத்துக்கொண்டு ஷீபா என்னிடம் வந்தாள்.

“ஆன்ட்டி, அர்த்தம் தெரியாம சொன்னா ஷாதி செல்லுமா?” கல்யாணம் அவளுக்கு ஷாதிதான்.

இது என் பாடம். உற்சாகமாக ஆரம்பித்தேன். சரியான ஆள், சரியான இடம், சரியான சொற்கள் இருந்தால் போதும், சொன்னதுமே காரியம் நடந்துவிடும் என்று விளக்கினேன்.

“சர்ச்சுக்குச் செல்லும். எனக்கு?” என்றாள்.

வா, ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம் என்று உட்கார வைத்தேன். மூன்று சாயங்காலம் ஆயிற்று. வாழ்விலும் தாழ்விலும், நோயிலும் சுகத்திலும் என்றெல்லாம் புரியப் புரிய அவள் கண் கலங்கியது. மூன்றாம் நாள் ‘கீழ்ப்படிந்து’ என்ற சொல் வந்தது. பொருள் சொன்னேன்.

“இது ரெண்டு பேருக்குமா?”

“இல்ல, பொண்ணு மட்டும்தான் சொல்லணும்.”

தாளை மடித்து வைத்துவிட்டாள். “அப்ப நான் இதைச் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி. அர்த்தம் தெரியாம இருந்தா சொல்லியிருப்பேன். இப்ப சொன்னா பொய்.”

அவள் அம்மா என்னோடு பேச்சை நிறுத்தினார். கல்யாணத்துக்குப் பத்து நாள். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. என்னால் ஒரு கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்துபோனேன். ஷீபாவோ நேராக ஜெபினுக்கே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர், “நான் இதுவரைக்கும் அந்தச் சொல்லக் கவனிச்சதே இல்ல. நீ சொன்னா நானும் சொல்லுகேன். ரெண்டு பேருமே கீழ்ப்படிவோம்” என்றாராம். இரண்டு பேரும் சேர்ந்து பாஸ்டரிடம் போனார்கள். அவர் முதலில் முடியவே முடியாது என்றார். மூன்று நாள் யோசித்தார். பிறகு சம்மதித்தார்.

கல்யாணத்தன்று ஷீபா தாளைக் கையில் எடுக்கவே இல்லை. நிறுத்தி, நிதானமாக, ஜெபின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். ஜெபின் முறை வந்து ‘கீழ்ப்படிந்து’ என்றதும், முன்வரிசை ஆண்கள் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் பக்கம் ஒரு சின்னச் சலசலப்பு. ஷீபாவின் அம்மா கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, என் கையை அழுத்தினார். எனக்கு அது போதுமாயிருந்தது.

பந்தியில் பாஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிரியாணியைப் பிசைந்தபடி மெதுவாகச் சொன்னார்: “அர்த்தம் சொல்லிக் குடுக்கச் சொல்லி உங்கள யாரு டீச்சர் கேட்டா? அடுத்த மாசம் கல்யாணம் வச்சிருக்கிற ரெண்டு பொண்ணுங்க இப்ப உங்க வீடு எங்கன்னு என்கிட்ட கேக்குதுங்க.”

ஆக, அர்த்தம் என்றால் என்னவென்று இருபது வருஷமாகச் சொல்லிக் கொடுக்கும் நான், அதை இன்னும் முழுசாகக் கண்டுபிடிக்காததால்தான் நிம்மதியாக வேலையில் இருக்கிறேன்.