பாலத்தில் தள்ளிய கை

எங்கள் தாராவிச் சந்தில் அந்த வண்டியின் விலையைக் கேட்காதவர் இல்லை. முன்னால் பெரிய பெட்டி வைத்த மூன்று சக்கர எலக்ட்ரிக் சைக்கிள். கையில் கிடந்த வளையலையெல்லாம் விற்று வாங்கினேன். இட்லி விற்கிறவளுக்கு இது தேவையா என்று சந்தே கூடி ஆராய்ச்சி செய்தது.

"மயினி, இந்த வெலைக்குப் பழைய ஆட்டோவே வந்திருக்குமே, கிறுக்கா ஒங்களுக்கு?" என்றான் கொழுந்தன்.

"ஆட்டோவ இந்தச் சந்துக்குள்ள தலையில தூக்கிட்டு வருவியாடே?" என்றேன்.

உண்மைக் காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. செம்பூருக்குப் போகிற வழியில் ஒரு பாலம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் இருந்தவரை, இட்லி ஏனங்களைச் சைக்கிளில் கட்டி அவர் உருட்டுவார், நான் பின்னாலிருந்து தள்ளுவேன். "ஏளா, தள்ளுதியா, இல்ல தொங்கிக்கிட்டு வாரியா?" என்று தினமும் ஒரே கேலி. உச்சிக்குப் போனதும் சைக்கிளில் ஏறி, ரப்பர் ஹாரனை இரண்டு தரம் அழுத்துவார். இனி நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்று அர்த்தம். நான் திரும்பி நடந்துவிடுவேன்.

போன மழைக்காலத்தில் மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதன்பிறகு தனியாகச் சைக்கிளை ஏற்றிப் பார்த்தேன். பாதிப் பாலத்துக்கு மேல் முடியவில்லை. செம்பூர் வாடிக்கையை விட்டால் எனக்குச் சோறில்லை. அதனால்தான் இந்த வண்டி.

முதல் நாள் பாலத்தில் மிதித்தபோது, மோட்டார் பிடித்ததும் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தள்ளியது. திரும்பிப் பார்த்தேன், ஒரு பஸ்தான் வந்துகொண்டிருந்தது. மறுநாளும் அதே கை. பிறகு அவரோடு பேசவே ஆரம்பித்துவிட்டேன். சட்னியில் உப்புக் கூடியது, கொழுந்தனின் திமிர், எல்லாம் சொல்வேன். பயமாகவும் இருக்கும், பாலம் முடியக் கூடாதென்றும் இருக்கும்.

ஒரு காலை, பாதி ஏற்றத்தில் வண்டி செத்துவிட்டது. படுக்கும்முன் எல்லாச் சுவிட்சையும் அணைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். கரண்ட் பில்லுக்குப் பயந்த கை, சார்ஜர் சுவிட்சையும் சேர்த்து அணைத்திருக்கிறது. இறங்கித் தள்ளினேன். பெட்டி நிறைய இட்லி, லேசில் அசையவில்லை. பின்னால் யாருமில்லை. எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்!

"தள்ளுதியளா, இல்ல தொங்கிக்கிட்டு வாரியளா?" என்று நடுரோட்டில் கத்தினேன்.

"மௌசி, பேட்டரி கதமா?" என்று, பேட்டரி தீர்ந்துபோனதா என இந்தியில் கேட்டபடி ஒரு ஆட்டோக்காரன் நிறுத்தினான். போடா உன் சோலியப் பார்த்துக்கிட்டு என்று விரட்டிவிட்டேன். பாவம், உதவிக்கு வந்த மனுசன். அழுதுகொண்டே முழம் முழமாக நானேதான் ஏற்றினேன். அத்தனை நாளும் தள்ளியது மோட்டார்தான். எனக்குத் தெரியாமலா இருந்தது?

உச்சியில் மூச்சு வாங்க நின்றபோது கை தானாக ஹாரனுக்குப் போனது. அவருடைய பழைய ரப்பர் ஹாரனைத்தான் இந்த வண்டியிலும் மாட்டியிருக்கிறேன். ஒரு தரம் அழுத்தினேன். இன்னொரு தரம் அழுத்த விரல் மடங்கவில்லை. அழுத்தினால் அவர் திரும்பி நடந்துவிடுவார்.

கொடுத்த விலைக்குத் தகுமா என்று இன்றும் கேட்கிறார்கள். தகும் என்கிறேன். தினமும் பாலத்தின் உச்சியில் ஒரே ஒரு தரம்தான் ஹாரன் அடிக்கிறேன்.